ஃபைட்டர் மீனுக்கு யாரைத் துணைக்கு விடலாம்? மதுரைப் பக்கம் வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடைப் பலகையில் பெட்டா என்று எழுதியிருந்தாலும் நம் ஊரில் அது ஃபைட்டர்தான். எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டடித் தொட்டி ஒன்று பல வருஷமாக ஓடுகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் காபி ஆறுவதற்குள் கேட்கும் கேள்வி ஒன்றே: "இதுகூட வேற மீன் விடலாமா?" அந்த ஒன்றிலிருந்து கிளைத்த கேள்விகளும், விட்டுப் பார்த்து, சிலதைச் சாகக் கொடுத்து நான் கற்றுக்கொண்ட பதில்களும் இங்கே.

ஃபைட்டர் தனியாக இருந்தால் ஏங்கிப் போகாதா?

போகாது. தாய்லாந்துப் பக்கத்து வயல்களிலும் சதுப்புகளிலும் ஆழமில்லாத தண்ணீரில், ஆளுக்கொரு இடம் பிடித்துக்கொண்டு வாழ்ந்த சாதி இது. ஆண் மீனுக்கு இன்னொரு மீன் என்றால் பக்கத்து வரப்புக்காரன் மாதிரி. துணை வேண்டும் என்று ஏங்குவது மீன் இல்லை, தொட்டி காலியாகத் தெரிகிறதே என்று பார்க்கும் நம் கண். அதில் தப்பும் இல்லை. ஆனால் யாருக்காகச் செய்கிறோம் என்பது தெரிந்திருந்தால், சரிப்படாதபோது பிரித்துவிட மனசு வரும்.

எவ்வளவு பெரிய தொட்டி இருந்தால் துணை விடலாம்?

ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். ஒன்றுக்கு ஒன்றுக்கு ஒன்று அடியில் ஒரு தொட்டி இருந்தால் அது ஃபைட்டருக்கு மட்டும். போனால் ஒரு நத்தை. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் கணக்குக்கு 56 லிட்டர். மணலும் கல்லும் போட்டு மேலே இரண்டு விரற்கடை இடம் விட்டால் 45 லிட்டர் நிற்கும். துணை பற்றி யோசிக்க வேண்டியது இங்கிருந்துதான். அந்த இரண்டு விரற்கடையைத் தண்ணீரால் நிரப்பிவிடாதீர்கள். ஃபைட்டர் மேலே வந்து காற்றைக் குடிக்கும் மீன். அப்புறம், தாவியும் குதிக்கும். மேலே வலை மூடி கட்டாயம்.

கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கத்தைப் படிப்பதற்கு முன்னால் தொட்டி வாங்கிவிடுங்கள்.

வீடியோக்களில் நியான் டெட்ரா, பாண்டா கோரி எல்லாம் நல்ல துணை என்கிறார்களே?

அவர்கள் ஊருக்கு அது சரி. அங்கே தொட்டிக்குள் ஹீட்டர் போடுகிறார்கள். நமக்கு ஃபேன் வைக்கத்தான் வழி தேட வேண்டியிருக்கிறது. துணை தேடும்போது எல்லோரும் முதலில் கேட்பது "சண்டை போடுமா?" என்று. மதுரையில் முதலில் கேட்க வேண்டியது "வெயில் தாங்குமா?"

ஃபைட்டருக்கு 24 முதல் 28 டிகிரி வரை சுகம். நல்ல காற்றோட்டம் இருந்தால் 30ஐத் தாண்டியும் சில நாள் சமாளிக்கும். நியான் டெட்ராவுக்கு 20 முதல் 26 வரை. அடியில் மேயும் பாண்டா கோரிக்கு 25க்கு மேல் போனாலே கஷ்டம். ஒயிட் கிளவுட் என்று ஒரு சின்ன மீன் விற்கிறார்கள், அது குளிர்ந்த ஓடைக்காரன். 22 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அதற்கு நிம்மதி. எங்கள் வீடு மொட்டை மாடிக்கு நேர் கீழே. அக்னி நட்சத்திரத்தில் மதியம் மூன்று மணிக்குத் தொட்டித் தண்ணீர் 33 காட்டியது. மறுநாள் விடியற்காலையிலும் 31. அந்த வாரத்தில் நான் விட்டிருந்த ஆறு நியானும் ஒன்றன்பின் ஒன்றாக நிறம் வெளுத்து ஒதுங்கின. ஃபைட்டர் அவற்றைத் தொடக்கூட இல்லை. பழி மட்டும் அதன் மேல் விழுந்தது. "நான்தான் சொன்னேன்ல, அது கொன்னுபோடும்னு" என்று என் மாமா இன்றைக்கும் சொல்வார்.

மீன் வாங்குவதற்கு முன் ஒரு தெர்மாமீட்டர் வாங்கித் தொட்டியில் ஒட்டி, ஒரு வாரம் காலையும் மாலையும் எழுதி வையுங்கள். எந்த மீன் என்பதை அந்தத் தாளே பாதி முடிவு செய்துவிடும்.

கரண்ட் போனால் என்ன ஆகும்?

ஃபைட்டருக்கு ஒன்றும் ஆகாது. செவுளுக்கு மேலே லேபிரிந்த் என்று ஒரு மடிப்பு உறுப்பு அதற்கு இருக்கிறது. காற்றிலிருந்தே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். நம் ஊர்ப் பனையேறி மீனும் இந்த வம்சம்தான். தரங்கம்பாடியில் பனை மரத்தில் ஏறிய பனையேறியைப் பிடித்ததாக டால்டார்ஃப் என்ற டேனிஷ்காரர் 1797இல் எழுதிவைத்த கதை ரொம்பப் பிரபலம்.

ஆனால் கூட இருக்கும் டெட்ராவுக்கும் ரஸ்போராவுக்கும் அந்த வசதி கிடையாது. சூடேறிய தண்ணீரில் ஆக்சிஜன் நிற்பதும் குறைவு: 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல், 32 டிகிரியில் 7 சொச்சம். மே மாத மதியத்தில் இரண்டு மணி நேரம் மோட்டார் நின்றால் ஃபைட்டர் சாவகாசமாக மேலே வந்து ஒரு மடக்குக் காற்று குடித்துவிட்டுப் போகும். மற்றவை மேல் மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடும். அதனால் துணை விடுகிறவர்கள் ஏர் பம்ப்பை இன்வெர்ட்டர் லைனில் மாட்டுங்கள். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் பேட்டரியில் ஓடும் சின்னப் பம்ப் ஒன்று போதும்.

சூட்டைக் குறைக்க, மூடியை எடுத்துவிட்டுத் தொட்டியின் வாயில் கொசுவலையைக் கட்டி, பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றைத் தண்ணீர்ப் பரப்பில் படும்படி சாய்த்து வையுங்கள். இரண்டு மூன்று டிகிரி இறங்கும். தண்ணீரும் வேகமாக வற்றும், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். ஐஸ் கட்டி போடுவது வேண்டாம். சூடும் குளிரும் படீரென்று மாறுவது வெயிலைவிட மோசம்.

அப்படியானால் எவைதான் சரி?

என் கணக்கில் மூன்று.

எம்பர் டெட்ரா முதலாவது. செங்கல் நிறத்தில், ஒரு அங்குலம்கூட இல்லாத மீன். 28, 29 டிகிரி வரை தாங்கும். எட்டுக்குக் குறையாமல் விடுங்கள். இரண்டு மூன்று விட்டால் பயந்து மூலையில் நிற்கும். எட்டு பத்து என்றால் கூட்டமாக நடுத் தண்ணீரில் திரியும், ஃபைட்டருக்கும் யாரைத் துரத்துவது என்று குழம்பிப் போகும். வாலும் குட்டை, பளபளப்பும் குறைவு என்பதால் அதன் கண்ணில் போட்டிக்காரனாகத் தெரியாது.

இரண்டாவது கூலி லோச். பாம்புக் குட்டி மாதிரி மஞ்சளும் பழுப்பும் பட்டை போட்டு இருக்கும். 30 டிகிரி அதற்குச் சாதாரணம். பகலில் ஆளையே பார்க்க முடியாது, விளக்கை அணைத்த பிறகு வெளியே வரும். ஃபைட்டர் மேலே, இது கீழே, சந்திப்பே இல்லை. அடியில் கூர்க்கல் இல்லாமல் மெல்லிய மணல் இருக்க வேண்டும். அது மட்டும் நிபந்தனை.

மூன்றாவது ஸ்டெர்பா கோரி. கோரிகளில் சூடு பொறுப்பது இதுதான். ஆனால் குறைந்தது ஆறு வேண்டும், அதற்கு இரண்டடியைவிடப் பெரிய தொட்டி இருந்தால் நல்லது. விலையும் கொஞ்சம் கடிக்கும்.

ஹார்லிக்வின் ரஸ்போராவையும் நிறையப் பேர் சொல்வார்கள். குணம் தங்கம். 27 டிகிரிக்கு மேல் நான் நம்புவதில்லை; தரைத்தளத்தில் குளுகுளு என்று வீடு இருப்பவர்கள் விடலாம்.

நம் ஊர் அயிரை மீனை விடலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்டால் முதலில் எல்லோரும் சிரிப்பார்கள், குழம்பு ஞாபகம் வந்துவிடும். ஆனால் கேட்க வேண்டிய கேள்விதான். அயிரையும் கூலி லோச்சும் ஒரே குடும்பம். விரல் நீளத்தைத் தாண்டாது, மணலில் புதைந்து கிடக்கும், யாரையும் கடிக்காது. அதன் அறிவியல் பெயரில் தெர்மாலிஸ் என்று ஒரு சொல் இருக்கிறது. இலங்கையில் திரிகோணமலைக்குப் பக்கத்துக் கன்னியா வெந்நீர் ஊற்றில் கிடைத்த மீனை வைத்து 1846இல் சூட்டிய பெயர். வெந்நீர் ஊற்றுப் பெயரைச் சுமக்கும் மீனுக்கு மதுரை வெயிலா பெரிசு?

சந்தையில் அயிரையை உயிரோடுதான் விற்பார்கள். ஒரு தடவை குழம்புக்கு வாங்கியதில், தேங்காய்ப் பாலில் விட்டு மண் கக்க வைப்பதற்கு முன், நல்லதாக ஆறைப் பொறுக்கி எடுத்தேன். அப்பத்தா "சட்டிக்குப் போறதைத் தொட்டிக்குக் கொண்டுபோறான் பாரு" என்றார். தனி வாளியில் மூன்று வாரம் வைத்திருந்ததில் இரண்டு செத்தன. அண்டாவில் நெருக்கிக் கொண்டுவந்த மீனுக்கு அடிபட்டிருக்கும், ஒட்டுண்ணியும் இருக்கும். நேராகத் தொட்டிக்குள் விடாததற்குக் காரணம் அதுதான். மிச்சம் நான்கும் மணலுக்குள் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு ஒன்றரை வருஷம் இருந்தன. ஃபைட்டர் முதல் நாள் ஒரு சுற்றுப் பார்த்தது, அதோடு சரி.

வலையில் பிடிக்காதீர்கள். கண்ணுக்குக் கீழே சின்ன முள் இருக்கிறது, நைலான் வலையில் மாட்டிக்கொள்ளும். டம்ளரில் மொண்டு எடுங்கள்.

நத்தை, இறால்?

நத்தை நல்லது. நெரைட் நத்தை கண்ணாடிப் பாசியை வழித்துத் தின்னும், நல்ல தண்ணீரில் குஞ்சு பெருகாது. வெள்ளைப் புள்ளியாக முட்டை மட்டும் ஒட்டி வைக்கும். ஆப்பிள் நத்தைக்கு மீசை நீளம், சில ஃபைட்டர்கள் அதைப் புழு என்று நினைத்துக் கொத்தும். செர்ரி இறால் விடுவது உங்கள் விருப்பம், ஆனால் அது விலை கொடுத்து வாங்கிய தீனி. பாசி அடர்ந்த தொட்டியில் பெரிசுகள் தப்பலாம், குஞ்சுகள் தப்பாது.

கப்பி விடலாமா? கடைக்காரர் ஒன்றும் செய்யாது என்றாரே?

"ஒண்ணும் செய்யாதுண்ணே, தாராளமா விடுங்க" என்ற வாக்கியத்தை நானும் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். ஆண் கப்பியின் விசிறி வாலைப் பார்த்தால் ஃபைட்டருக்கு அது இன்னொரு ஃபைட்டர். சில தொட்டியில் சில மாதம் சமாதானமாக ஓடும், ஒரு நாள் காலையில் வாலில்லாத கப்பி மிதக்கும். பெண் கப்பி பரவாயில்லை. ஆனால் வாங்கும்போதே பெரும்பாலும் சூல் கொண்டிருக்கும், குஞ்சு ஃபைட்டருக்கு விருந்து, தப்பியவை தொட்டியை நிரப்பும். வெயிலும் உப்புத் தண்ணீரும் கப்பிக்குப் பிரச்சினையே இல்லை என்பதால் மனசு அதன் பக்கம் சாயும். எனக்கும் சாய்ந்தது. தனித் தொட்டியில் வையுங்கள், அழகாக இருக்கும்.

தொட்டியைச் சுத்தமாக வைக்க சக்கர் மீன் ஒன்று போடலாமா?

வேண்டவே வேண்டாம். டேங்க் கிளீனர் என்று சுண்டுவிரல் அளவில் தருவார்கள். ஓரடிக்கு மேல் வளரும். அது தின்னும் பாசியைவிடப் போடும் கழிவு அதிகம். இரவில் ஃபைட்டரின் உடம்பில் ஒட்டி வழுவழுப்பை உறிஞ்சுவதும் உண்டு. ஆல்கே ஈட்டர் என்று மஞ்சளாக ஒன்று விற்கிறார்கள், வளர்ந்தபின் அது சக்கரைவிடப் பொல்லாதது.

ஆணும் பெண்ணும் ஜோடியாக?

ஜோடி என்பது நம் கற்பனை. குஞ்சு எடுக்க மட்டும், பார்த்துக்கொண்டே, ஒன்றிரண்டு நாள் சேர்க்கலாம். நுரைக்கூட்டில் முட்டை சேர்ந்ததும் ஆண் காவலுக்கு நிற்கும், பெண்ணைத் துரத்தித் துரத்திக் கடிக்கும். உடனே பிரிக்க வேண்டும். பெண்களை மட்டும் ஐந்தாறு சேர்த்து வைக்கும் வழக்கம் வெளிநாட்டில் இருக்கிறது. இரண்டு மாதம் நன்றாக இருந்துவிட்டு ஒரே இரவில் குலைந்துபோன தொட்டியை நண்பர் வீட்டில் பார்த்தபின் நான் யாருக்கும் சொல்வதில்லை.

இரண்டு ஆண் தொட்டிகளை ஒட்டி வைத்திருந்தால் நடுவில் கறுப்புக் காகிதம் வையுங்கள். நாளெல்லாம் செவுளை விரித்துக்கொண்டு நின்றால் அதுவே இளைத்துவிடும்.

கௌராமி, ஏஞ்சல், டைகர் பார்ப், தங்கமீன்?

நான்கும் வேண்டாம். கௌராமி பங்காளி, பங்காளிச் சண்டை நிச்சயம். ஏஞ்சல் பெரிதாகி இதை மிரட்டும். டைகர் பார்ப் வாலைக் கடிப்பதையே பொழுதுபோக்காக வைத்திருக்கும். தங்கமீனுக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும், கழிவும் ஏராளம்.

என் ஃபைட்டர் முரடா சாதுவா என்று முன்கூட்டியே தெரியுமா?

ஓரளவு. குட்டை வால் பிளாக்கட் வகைக்குக் கால் இலேசு என்பார்களே, அந்த மாதிரி, துரத்தினால் பிடித்துவிடும். முழு விசிறியாக வால் விரியும் ஹாஃப்மூன் வகையோ தன் வாலையே இழுத்துக்கொண்டு நீந்த முடியாமல் திணறும். அதனால் பிளாக்கட் இருக்கும் தொட்டியில் துணைக்கு ஆபத்து, ஹாஃப்மூன் இருக்கும் தொட்டியில் ஃபைட்டருக்கே ஆபத்து. கடிபடுவது பல வீட்டில் ஃபைட்டர்தான் என்பதை யாரும் நம்புவதில்லை.

அதற்கு மேல் ஒவ்வொன்றும் ஒரு குணம்.

எந்தத் தண்ணீர் ஊற்றுவது?

கார்ப்பரேஷன் தண்ணீர் கிடைத்தால் அதுதான். குளோரின் போக ஆன்டி குளோரின் சொட்டு விடுங்கள். இல்லையென்றால் வாய் அகன்ற வாளியில் ஒரு நாள் வைத்து ஊற்றுங்கள். போர் தண்ணீர், வாளியில் வெள்ளைப் படலம் கட்டும் அளவுக்கு உப்பு என்றால், நத்தைக்குக் கொண்டாட்டம், ஓடு கெட்டியாகும், டெட்ராவுக்கு ஆகாது. ஆர்ஓ தண்ணீரை மட்டும் ஊற்றினால் தாது இல்லாமல் நத்தை ஓடு கரையும். போரும் ஆர்ஓவும் பாதிப் பாதி கலந்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், நன்றாகவே ஓடுகிறது.

ஃபேன் வைத்து வற்றுகிறது என்றேனே, அங்கே ஒரு சூட்சுமம். வற்றுவது தண்ணீர் மட்டும். உப்பு தொட்டியிலேயே தங்கும். வற்றியதை ஈடுகட்ட மறுபடி போர் தண்ணீரையே ஊற்றினால் மாதக் கடைசியில் தொட்டி கடலாகும். ஈடுகட்ட ஆர்ஓ ஊற்றுங்கள். வாரம் ஒரு முறை கால் பங்கு மாற்றுவதற்கு வழக்கமான தண்ணீர்.

தெருவோரப் பாதாம் மரத்துச் சருகு ஒன்றைக் கழுவிக் காயவைத்துப் போட்டால் தண்ணீர் கட்டஞ்சாயா நிறத்துக்கு வரும். ஃபைட்டருக்கு அது பிறந்த வீடு மாதிரி, சின்ன மீன்களுக்கும் ஒளிய இடம்.

எந்த வரிசையில் விடுவது?

புதுத் தொட்டி என்றால் ஃபில்டர் நான்கு முதல் ஆறு வாரம் ஓடிப் பழக வேண்டும்; அதற்கு முன் கூட்டம் சேர்த்தால் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவில் எல்லாம் போகும். ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும், வேகமாகத் தண்ணீர் தள்ளும் மோட்டார் நீள வாலுக்கு ஆகாது. துணை மீன்களைத் தனி வாளியில் இரண்டு வாரம் வைத்துப் பார்த்து முதலில் விடுங்கள், ஃபைட்டரைக் கடைசியில். ஏற்கனவே ஃபைட்டர் குடியிருக்கிறதா? அதை எடுத்து ஒரு நாள் வேறு இடத்தில் வைத்து, கல்லையும் செடியையும் இடம் மாற்றி, புதியவர்களை விட்டபின் திரும்ப விடுங்கள். வீட்டுக்காரன் மிடுக்கு கொஞ்சம் குறையும்.

கண்மாயிலிருந்து வேலம்பாசி அள்ளிப் போடுகிறவர்கள் ஒவ்வொரு கொத்தாக உதறிப் பாருங்கள். தட்டான் புழு ஒன்று வந்துவிட்டால் சின்ன மீன்கள் கணக்குக் குறையும், காரணமே தெரியாது.

ஒத்துவரவில்லை என்பது எப்படித் தெரியும்?

துரத்தல் முதல் இரண்டு நாள் இருக்கும், பயப்பட வேண்டாம். மூன்றாம் நாளும் செவுளை விரித்துக்கொண்டே திரிந்தால், தீனி போடும்போது ஒருவர் வெளியே வராவிட்டால், வாலில் அரைவட்டமாகக் கடித்த அடையாளம் தெரிந்தால் பிரித்துவிடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவது இரவில்தான் விபரீதமாகும். ஃபைட்டருக்கான தனித் தொட்டி ஒன்று எப்போதும் காலியாகத் தயாராக இருக்கட்டும்.

நோய் வந்தால் எல்லோருக்கும் ஒரே மருந்தா?

இல்லை. ஃபைட்டருக்கு நாம் வழக்கமாகப் போடும் கல்லுப்பு, கோரிக்கும் லோச்சுக்கும் நத்தைக்கும் ஒத்துக்கொள்ளாது. தாமிரம் கலந்த மருந்து நத்தையையும் இறாலையும் கொல்லும். நோயாளியை வெளியே எடுத்துத் தனிப் பாத்திரத்தில் மருந்து கொடுங்கள்.

தீனி எப்படிப் பங்கு போடுவது?

ஃபைட்டர் எல்லாரது தீனியையும் தின்று வயிறு ஊதி நிற்கும். ஒரு மூலையில் அதற்கு நாலு உருண்டை போட்டு, அது மும்முரமாக இருக்கும்போதே மறுமூலையில் டெட்ராவுக்குத் தூவுங்கள். லோச்சுக்கு மூழ்கும் தீனி, விளக்கணைத்த பிறகு. வாரம் ஒரு நாள் எல்லோருக்கும் விரதம்.

அழகர் ஆற்றில் இறங்கும் வாரம் எங்கள் வீட்டில் பதினைந்து பேர் இருப்பார்கள், பதினைந்து பேரும் தீனி போடுவார்கள். அந்த வாரம் டப்பா பீரோவுக்குள். நீங்கள் ஊருக்குப் போனால் நாலைந்து நாள் பட்டினி கிடந்தாலும் வளர்ந்த மீனுக்கு ஒன்றும் ஆகாது. பக்கத்து வீட்டாரிடம் டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போவதுதான் ஆபத்து.

ஒத்துவராத மீனை வைகையிலோ தெப்பக்குளத்திலோ விட்டுவிடலாமா?

கூடாது. புண்ணியம் என்று நினைத்து விட்ட சக்கர் மீன் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி, வலையை விரித்தால் நாட்டு மீனுக்குப் பதில் அதுவே வருகிறது என்று மீன் பிடிப்பவர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். கலர் மீன் கடையில் திருப்பிக் கொடுங்கள், பாதிப்பேர் வாங்கிக்கொள்வார்கள். இல்லையென்றால் வளர்க்கிற நண்பருக்கு.

என்ன செய்தும் என் ஃபைட்டர் யாரையும் சேர்த்துக்கொள்ளவில்லை.

என்னிடமும் அப்படி ஒரு சிவப்பு பிளாக்கட் இருந்தது. டெட்ராவைத் துரத்தியது, லோச்சைத் தேடிப் போய் மணலைக் கிளறியது. கடைசியில் ஓரடித் தொட்டியில் தனியாக விட்டு, ஒரு நெரைட் நத்தையை மட்டும் சேர்த்தேன். இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்தது. நத்தை கண்ணாடியில் ஏறும்போதெல்லாம் பின்னாலேயே போய், அது நின்றால் தானும் நின்று, உற்றுப் பார்க்கும்.